கேட்டருகே நடுங்கிய கட்டங்கள்

அன்றைக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், எங்கள் வீட்டுக்காரர், பெனிட்டா, பெனிட்டாவின் தாய்மாமா ஞானராஜ். மொத்தம் நான்கு பேர். ஜன்னல் விளிம்பில் மழைக்கு ஒதுங்கியிருந்த எதிர்வீட்டுப் பூனையைச் சேர்க்கவில்லை. டிவிக்குள் இருந்தவர்களையும் சேர்க்கவில்லை.

இவ்வளவு கணக்காக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மத்தியானத்தை நினைக்கும்போதெல்லாம் ஐந்து பேர் இருந்த மாதிரியே எனக்குத் தோன்றுகிறது. கதவோரமாக ஒருவர், உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றுகொண்டே இருந்த மாதிரி.

எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கணக்கு டீச்சருக்குப் பயந்து எட்டாவதோட ஓடியாந்தவதானே நீ. நாலு பேருதான்மே. எண்ணத் தெரியலன்னா வுடு" என்றார்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றிருந்த மழைக்காலம் அது. ஜன்னலைச் சாத்தியிருந்தோம், ஈரத்துணி எல்லாம் அறைக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. பகல்தான், ஆனாலும் டிவி வெளிச்சம்தான் வெளிச்சம்.

டிவியில் பட்டாபிராமில் ஒரு வீட்டு வாசல். வெள்ளை வெளேரென்று ஒரு லைட். நடுவில் சவப்பெட்டி. முகம் கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று பெட்டியின் தலைப்பக்கத்துக்குக் கீழே செங்கல் வைத்துத் தூக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது, போனது. இன்னொரு குடும்பம் வந்து நின்றது.

"அக்கா, நிறுத்துங்க" என்றாள் பெனிட்டா.

நிறுத்தினேன்.

"கொஞ்சம் பின்னாடி போங்க. அந்த கேட்டுகிட்ட, இருட்டுல, என்னமோ நடுங்குது பாருங்க."

"அது முருங்க மரம் பெனி" என்றார் ஞானராஜ், டிவியைப் பார்க்காமலே.

"மரம் எப்படி மாமா முழங்கையைத் தூக்கும்?"

கேட்டருகே இருப்பது மரம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைக் காட்டுகிற இன்னொரு டிஸ்க் டிவிக்குக் கீழே இருந்த டிராயரில் கிடந்தது.

லைட்டுக்குப் பின்னால்

போன வாரம் இங்கே, கேசட் ஓட்டுகிற எங்கள் முதல் விசிஆர் புகைந்துபோன கதையை எழுதியதும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பழைய கேசட்டை டிஸ்க்கில் போடுவதில் இவ்வளவு பயப்பட என்ன இருக்கிறது?"

எனக்குப் பயப்படக் காரணமே வேண்டியதில்லை அம்மா. கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள் நான். கேசட் சுற்றுகிற சத்தம் கொஞ்சம் மாறினாலே நாடா சிக்கிக்கொண்டது என்று ஓடிப்போய் நிறுத்துவேன். யாருடைய கல்யாணமோ, யாருடைய அம்மாவின் குரலோ அது. அறுந்தால் அறுந்ததுதான், வேறு கிடையாது.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் வீடியோக்காரர்களுக்கு லைட்டுப் பிடித்தவர். பிறகு சொந்தக் கேமரா வாங்கினார். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வேன் ஓட்டுகிறார். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தத் தொழிலில் மிஞ்சியது இரண்டு விசிஆர். அதோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும், கேசட் படத்தை உள்ளே வாங்குகிற சின்னப் பெட்டி ஒன்றும் சேர்த்து நான் இதை ஆரம்பித்தேன்.

கல்யாண வீட்டுக் கதைகளைவிடச் சாவு வீட்டுக் கதைகள்தான் அவரிடம் அதிகம். பட்டாபிராம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்போதெல்லாம் அடக்கத்துக்கு வீடியோ எடுப்பது வழக்கம். வர முடியாத வெளியூர்க்காரர்களுக்கு அனுப்புவதற்கு. கல்யாணத்தில் மேடை ஏறுகிற மாதிரியே பெட்டிக்குப் பின்னால் குடும்பம் குடும்பமாக வந்து நிற்க வேண்டும். "அண்ணன் குடும்பம் வாங்க, சித்தி குடும்பம் வாங்க" என்று வீடியோக்காரர் கூப்பிடுவார்.

"அழுறவங்க மூஞ்சில நேரா லைட் அடிக்கக்கூடாதுமே" என்பார் எங்கள் வீட்டுக்காரர். "அடிச்சா அழுகை நின்னுடும். சில பேரு கேமராவப் பாத்து சிரிச்சிடுவாங்க, பாவம்."

இன்னொன்றும் சொல்வார். "லைட்டோட ஒயரு எவ்ளோ நீளமோ அவ்ளோதான் சாவு வூடு. அதுக்கு அப்பால இருட்டு. லைட்டுக்குப் பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு லைட் புடிக்கறவனுக்குத் தெரியவே தெரியாது."

முதல் முறை இதைக் கேட்ட அன்று கொல்லைக் கதவை இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நிறையப் புள்ளி, ஒரு பிடி மாவு

கேசட்டை டிஸ்க்கில் போடும்போது இரண்டு விஷயங்களை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று ரெசல்யூஷன், மற்றொன்று பிட்ரேட். வாடிக்கையாளர்களுக்கு நான் கோலத்தை வைத்துத்தான் சொல்வேன். எத்தனை புள்ளி வைக்கிறோம் என்பது ரெசல்யூஷன். நொடிக்கு எவ்வளவு மாவு விடுகிறோம் என்பது பிட்ரேட். டிஸ்க் என்பது மாவு டப்பா. அது பெரிதாகாது.

ஒரு மணி நேரப் படம் என்றால் பிட்ரேட்டைத் தாராளமாக நொடிக்கு எட்டாயிரம் கிலோபிட் வைக்கலாம். மூன்று மணி நேரத்தையும் அதே டிஸ்க்கில் அடக்கு என்றால் மூவாயிரத்துச் சொச்சம்தான் வரும். அப்போது புத்திசாலித்தனம் என்னவென்றால் புள்ளியைக் குறைப்பது. அகலத்தில் எழுநூற்றிருபது வைக்கிற இடத்தில் முந்நூற்றைம்பத்திரண்டு. படம் கொஞ்சம் மொழுக்கென்று இருக்கும், ஆனால் உடையாது. பழைய கேசட்டில் இருக்கிற விவரமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆனால் வருகிறவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான். பெரிதாகவும் இருக்க வேண்டும், ஒரே டிஸ்க்கிலும் இருக்க வேண்டும். வாசல் நிறையப் புள்ளி வைத்துவிட்டு ஒரு பிடி மாவோடு உட்கார்ந்தால் என்ன ஆகும்? கோடு விட்டுப்போகும். படத்தில் அது கட்டம் கட்டமாக உடையும்.

மாவு பற்றாதபோது மெஷின் எங்கே கையை இழுத்துக்கொள்ளும் தெரியுமா? இருட்டில். முகத்துக்கும் பட்டுப்புடவைக்கும் கொடுத்துவிட்டு, இருட்டை நாலு கறுப்புக் கட்டமாக மூடிவிடும். அங்கே யாரும் இல்லை என்று அதுவே முடிவு செய்துகொள்ளும்.

அசையாத இடத்தில் அந்தக் கட்டங்கள் அப்படியே கிடக்கும். ஏதாவது அசைந்தால் மட்டும் மெஷின் அதை மறுபடி வரையப் பார்க்கும், மாவு போதாமல் திணறும். அதனால் கட்டங்கள் நடுங்கும்.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எந்த வீட்டு வீடியோவைப் பார்த்தாலும் நான் முகங்களைப் பார்ப்பதில்லை. மூலையைப் பார்க்கிறேன்.

ஞானராஜின் சாட்சி

பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று பெனிட்டாவிடம் கேட்டுக்கொண்டேன்.

அவள் அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தாய் இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. வளர்த்ததெல்லாம் தாய்மாமா ஞானராஜ்தான். இருவரும் முதல் தடவை சேர்ந்துதான் வந்தார்கள். பரணில் கிடந்த கேசட்டை அவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம்.

"மொதல் ரெண்டேகால் மணி நேரம் என் கல்யாணம்மா" என்றார் ஞானராஜ். "மிச்சம் கீற எடத்துல என் தங்கச்சி கிருபாவோட அடக்கம். அப்போ கேசட் விக்கிற வெலைக்கு அதுலயே போட்டுக்கினோம். எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல அடக்கிடு. நல்லா பெருசா தெரியணும். என் ஊட்ல டிவிடி பிளேயருதான் கீது."

நான் கோலக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பெனிட்டா அவ்வளவு நேரமும் கழுத்துக்குப் பின்னால் ஒரு கையை வைத்துக்கொண்டு, முழங்கை மேலே தூக்கியபடி நின்றிருந்தாள். ஞானராஜ் பேச்சை நிறுத்தாமலே அவள் கையைத் தட்டிவிட்டார். "கைய எடு பெனி." அவளும் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி அங்கே போயிற்று. மறுபடி தட்டினார். பழகிப்போன விஷயம் போலிருந்தது.

அவர் குடைக்காக வாசலுக்குப் போனபோது அவள் சொன்னாள்: "அக்கா, எனக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்க. சபைல ஓலை வாசிக்கணும்."

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் என்று எல்லார் முன்னாலும் படிப்பார்கள். இன்னாருடைய மகள் என்ற இடத்தில் யார் பெயரைப் போட என்று ஐயர், அதாவது சபைப் பாதிரியார், கேட்டிருக்கிறார்.

"எங்கப்பா ஆசீர்வாதம் எங்களை விட்டுட்டுப் போனவரு. அம்மா சாவுக்குக்கூட வரலன்னு மாமா சொல்லித்தான் வளந்தேன். நான் பாக்கணும். வந்திருந்தாருன்னா அவர் பேரு. வரலன்னா மாமா பேரு. அவ்ளோதான்."

"அதுக்கா இந்த கேசட்?"

"அதுக்கு மட்டும்தான்."

ஞானராஜ் திரும்பி வந்தார். போகிற அவசரம் இல்லை. உட்கார்ந்து, தங்கையின் அடக்கத்தைப் பற்றித் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். அவர் வருஷா வருஷம் தங்கையின் நினைவு நாளில் சபையில் எழுந்து நின்று சொல்கிற சாட்சியாம் அது.

"ஆறு பேரு தூக்கினோம்மா. நான் முன்னாடி, எடது பக்கம். தூக்கும்போது செம கனம், தோளு எறங்கிடுச்சி. கேட்டைத் தாண்டினோம் பாரு, பொசுக்குனு கனமே இல்ல. பஞ்சு கணக்கா ஆயிடுச்சி. யாரோ அடியில கை குடுத்தாப்பல. ரோட்டு முனைல வண்டில ஏத்துற வரிக்கும் எனக்குக் கனமே தெரியல." தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். "தேவதூதன் வந்து தூக்கினாரு. இல்லன்னு யாராச்சும் சொல்லட்டும் பாக்கலாம்."

பெனிட்டா லேசாகச் சிரித்தாள். "தாலாட்டுக்குப் பதிலா இதைக் கேட்டுத்தான் தூங்குவேன் அக்கா."

முழங்கை

பூஞ்சணத்தை மெல்லத் துடைத்துவிட்டு, ஞானராஜ் கேட்டபடியே முதலில் போட்டேன். பெரிய ரெசல்யூஷன், ஒரே டிஸ்க். கல்யாணம் நன்றாகவே வந்தது. "மாப்பிள்ளை தங்கச்சி குடும்பம்" என்று கூப்பிட்டதும் ஒல்லியாக ஒருத்தர் மேடை ஏறினார். இடுப்பில் கைக்குழந்தை, அதுதான் பெனிட்டா. பக்கத்தில் கிருபா. அந்த மனிதர் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையைக் கழுத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். கேமராவுக்குப் பயப்படுகிறவர் போலிருந்தது. பந்தியிலும் அப்படித்தான் நின்றார். கை அங்கேயே இருந்தது.

பெனிட்டாவின் கையை ஞானராஜ் ஏன் தட்டிவிடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கல்யாணம் முடிந்து, கொஞ்ச நேரம் வெறும் புள்ளி புள்ளியாக இரைந்து, அடக்கம் வந்தது. நான் வழக்கம்போல மூலையைப் பார்த்தேன். கேட்டருகே கறுப்புக் கட்டங்கள். மற்ற இருட்டெல்லாம் சும்மா கிடந்தது. அங்கே மட்டும், ஆள் உயரத்துக்கு, கட்டங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மேலே ஓரிடத்தில் முக்கோணமாக ஒரு துருத்தல். யாரோ மூச்சுவிடுகிற மாதிரி அது ஏறி இறங்கியது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மரம்மே. கேசட் பழசு, ஆடுது. உனக்கு டேப்பு ஓடினாலும் பயம், ஓடலன்னாலும் பயம்."

மனசு கேட்கவில்லை. கடைசி நாற்பது நிமிஷத்தை மட்டும் தனியாக எட்டாயிரத்தில் போட்டேன். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பூஞ்சணம் பிடித்த நாடாவிலிருந்து கொஞ்சம் படம் உதிரும். அதற்கும் சேர்த்துப் பயந்துகொண்டே போட்டேன்.

மரம் இல்லை. கேட்டுக்கு வெளியே வெள்ளைச் சட்டையில் ஒருவர், கழுத்துக்குப் பின்னால் கை வைத்தபடி. கேட்டுக்கு உள்பக்கம் இன்னொருவருடைய முதுகு. அவர் கையைக் குறுக்கே நீட்டி கேட்டை அழுத்திப் பிடித்திருந்தார்.

"அண்ணன் எங்க?" என்று வீடியோக்காரர் கத்துகிறார். "அண்ணன் குடும்பம் நிக்குது, அண்ணனைக் காணோம். அண்ணன் எங்கப்பா?"

முதுகு திரும்பி வெளிச்சத்துக்குள் வந்தது. இளவயது ஞானராஜ். மூச்சு வாங்க, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பின்னால் வந்து நின்றார்.

நான் அதோடு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பெட்டியை மூடித் தூக்குவது எந்த வீட்டுப் படமாக இருந்தாலும் நான் பார்ப்பதில்லை. லைட் பின்னால் நின்றுவிடும், பெட்டி மட்டும் இருட்டுக்குள் போகும். அதை என்னால் பார்க்க முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடவிட்டேன்.

இரண்டு போன்

அடுத்த நாள் பெனிட்டா போன் செய்தாள். "அக்கா, கல்யாணம் எப்படி இருந்தாலும் பரவால்ல. கடைசிப் பகுதியை எவ்ளோ தெளிவா முடியுமோ அவ்ளோ தெளிவா எனக்குத் தனியா போட்டுக் குடுங்க."

சரி என்றேன். பார்த்ததைச் சொல்ல வாய் வரவில்லை. போனில் சொல்கிற விஷயமா அது?

சாயங்காலம் ஞானராஜ்.

"அம்மா, நீ சொன்னியே மாவு. அந்த மாவெல்லாம் கல்யாணத்துக்கே போட்டுடு. சாவுக்குக் கொறைச்சிக்கோ. ரொம்ப கிளியரா வாணாம்."

"ஏன் சார்?"

"செத்த மூஞ்ச அவ்ளோ கிட்டத்துல பாத்தா புள்ள பயந்துக்கும்." பிறகு அவரே சொன்னார்: "இருட்டா இருந்தா இருட்டாவே இருக்கட்டும்மா."

அவர் பொய் சொல்கிறார் என்று என்னால் முழுதாக நினைக்க முடியவில்லை. வளர்த்தவர். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர். நான் யார், முந்தா நாள் கேசட் வாங்கியவள். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு பேரும் கேட்டதை ரெண்டு பேருக்கும் குடு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "அவருக்கு இருட்டு, அவளுக்கு வெளிச்சம். நீ ஏன் நடுவுல நிக்கிற?"

அப்படியே செய்தேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் அந்த மழை மத்தியானத்தில் பயந்துபோய் மாமாவின் டிஸ்க்கைப் போட்டேன்.

வாசலைத் தாண்டி

"மரம் எப்படி மாமா முழங்கையைத் தூக்கும்?" என்று பெனிட்டா கேட்டதும் ஞானராஜ் என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீயே சொல்லு. மரம்தான அது?"

எங்கள் வீட்டுக்காரர், ஜென்மத்தில் அடுப்பு பற்றவைக்காதவர், "டீ போடட்டுமா?" என்று கேட்டார்.

நான் டிராயரைத் திறந்தேன்.

டிஸ்க் மாறியது. அதே வாசல், அதே லைட். ஆனால் இப்போது இருட்டுக்குள் மணல் கொதிக்கிற மாதிரி ஒரு நடமாட்டம், அதற்குள் கேட்டின் கம்பிகள். வெள்ளைச் சட்டை. கழுத்துக்குப் பின்னால் கை. உள்பக்கம் அந்த முதுகு.

"அண்ணன் எங்க?" என்றது டிவி.

பெனிட்டாவின் கை கழுத்துக்குப் போயிற்று. ஞானராஜ் தட்டிவிடவில்லை.

"குடிச்சிருந்தான் பெனி" என்றார். "பொட்டிகிட்ட வந்து ரகளை பண்ணுவான்னு நெனச்சேன். உங்கம்மா மொகத்துக்கு முன்னாடி அது வாணாம்னு."

"அப்போ வந்தாரு."

"வந்தான்."

"வரலன்னு சொன்னீங்க மாமா. இத்தன வருஷமா."

"உள்ள வரல" என்றார்.

நான் நிறுத்துவதற்காக ரிமோட்டை நீட்டினேன். "வேணாம் அக்கா, ஓடட்டும்" என்றாள்.

ஓடியது. மூடியை வைத்தார்கள். சுத்தியல் சத்தம். சரக்கு ரயில் ஒன்று எங்கேயோ கடந்துபோனது. அன்றைக்கு என்னால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. மூன்று பேர் பார்க்கும்போது நான் மட்டும் சுவரைப் பார்த்தால் நன்றாக இருக்காது. பெட்டியைப் பார்க்கப் பயந்து, தூக்குகிறவர்களை எண்ணினேன். ஆறு பேர். முன்னால் இடது பக்கம் ஞானராஜ், முகமெல்லாம் கண்ணீர். கேட் திறந்தது. பெட்டி வெளியே போனது. கேமரா பின்னால் போனது. லைட் நின்றுவிட்டது.

"ஒயரு அவ்ளோதான்" என்று முணுமுணுத்தார் எங்கள் வீட்டுக்காரர்.

இருட்டு. மாமாவின் டிஸ்க்கில் அந்த இடம் வெறும் கறுப்பு. இதில் சட்டைகள் மட்டும் சாம்பல் நிறத்தில் மிதந்துகொண்டு போயின. மறுபடி எண்ணினேன். பயத்தில் தப்பாக எண்ணுகிறேன் என்று நினைத்து இன்னொரு தரம் எண்ணினேன்.

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"ஏழு" என்றார். "ஏழு பேரு தூக்கிகினு போறாங்க."

ஞானராஜுக்கு நேர் பின்னால், பெட்டிக்கு அடியில், குனிந்த ஒரு வெள்ளைச் சட்டை. இரண்டு கையும் மேலே. கழுத்தில் கை இல்லாததால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெனிட்டாவுக்குத் தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டாள்.

பக்கத்தில் தூக்கிக்கொண்டு போனவர்கள் பார்த்திருப்பார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. முன்னால் போகிறவரால் மட்டும் திரும்பிப் பார்க்க முடியாது.

ஞானராஜின் வலது கை மெல்ல ஏறி இடது தோளைப் பிடித்துக்கொண்டது. வெகு நேரம் அங்கேயே இருந்தது.

"கனமே தெரியலம்மா எனக்கு" என்றார் என்னிடம். முன்பு சொன்ன அதே வார்த்தைதான். குரல்தான் சபையில் சொல்கிற குரலாக இல்லை. "கனமே தெரியல."

அப்போதுதான் கதவோரம் யாரோ நிற்கிற மாதிரி எனக்கு இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஈரத்துணியாகத்தான் இருக்கும். துணிதான் என்று வீட்டுக்காரரும் சொல்கிறார்.

பெனிட்டா தன்னுடைய டிஸ்க்கை வாங்கிக்கொண்டாள். வாசலில் குடையை விரித்து, மாமாவின் தலைக்கு மேலே பிடித்தாள். இரண்டு பேரும் தண்ணீருக்குள் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனார்கள். மாமாவின் டிஸ்க் மேஜை மேலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாணப் பத்திரிகை வந்தது. 'ஆசீர்வாதம் - கிருபா ஆகியோரின் மகள்' என்று போட்டிருந்தது. தாயின் பெயருக்கு முன்னால், இறந்தவர் என்பதற்கு ஒரு சிலுவைக் குறி. தகப்பன் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. இருக்கிறாரா, இல்லையா என்று யாருக்கும் தெரியாது. சபையில் ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் மாமா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்று பெனிட்டா சொன்னாள். தங்கையின் நினைவு நாளும் வந்து போனதாம். ஐயர் சாட்சி சொல்லக் கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லையாம்.

அவருடைய டிஸ்க் இன்னும் எங்கள் டிராயரில் இருக்கிறது. சரியாக ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கேட்டருகே கட்டங்கள் நடுங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. கேட்டைத் தாண்டிய பிறகு கறுப்பு.

அதற்கு அட்வான்ஸ் போக ஞானராஜ் தர வேண்டிய பாக்கி, முந்நூற்று ஐம்பது ரூபாய்.